மனைவி பிள்ளைகளோடு போய்விட்டார், மகனையாவது நான் கூட்டி வரலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. திருமணமாகி 11 ஆண்டுகள். மகளுக்கு 9 வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மகனுக்கு 4 வயது. மனைவியின் கைப்பேசியில் உடன் வேலை செய்யும் ஒருவரின் செய்திகளைப் பார்த்ததில் தொடங்கிய சண்டை, ஒரு நாள் இரவு இவர் மனைவியை அறைந்ததில் போய் நின்றது. மறுநாள் மனைவி போலீசில் புகார் கொடுத்தார். அடுத்த வாரம், இவர் இரவு ஷிஃப்டில் இருந்த நேரம், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் செந்தூலில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மாதமாகிறது. மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று. மகன் பக்கத்துப் பாலர் பள்ளிக்குப் போகிறான்.

இரண்டு மாதமாக இவர் பணம் அனுப்பவில்லை. “கையில் காசு இல்லாவிட்டால் தானாக வருவாள்” என்று நினைத்தாராம். இப்போது தேசியப் பதிவு இலாகாவிலிருந்து திருமணத் தீர்ப்பாயத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. “நான் போகாவிட்டால் விவாகரத்து நடக்காதுதானே?” என்று கேட்கிறார். மகளோடு பேசும் அழைப்புகளை எல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். “அந்த அங்கிள் வீட்டுக்கு வந்தாரா?” என்று கேட்டால் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாட்டி கூப்பிடுறாங்கப்பா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாளாம். மகன் மறுபடியும் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்கிறார்.

“ஆம்பளப் பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை, போய்த் தூக்கிட்டு வா” என்று அவருடைய அம்மா சொல்கிறார். வீட்டை விட்டுப் போன பெண்ணுக்குப் பிள்ளைகள் மேல் உரிமை கிடையாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பாலர் பள்ளி வாசலில் நின்று மகனைக் கூட்டி வந்துவிடலாமா என்பது அவருடைய முக்கியமான கேள்வி. கடைசியில், தூக்கமே வருவதில்லை, சில இரவுகளில் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கிறார்.

சகோதரரே, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் வரும் இரவில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் “நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை, இப்படி எண்ணம் வருகிறது” என்று நேராகச் சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை எடுத்தால் அதை வைத்து நீதிமன்றத்தில் தன்னைக் குறை சொல்வார்கள் என்று பல அப்பாக்கள் பயப்படுகிறார்கள். பிரச்சினையை உணர்ந்து உதவி தேடியவரைப் பற்றி நீதிபதிக்கு நல்ல அபிப்பிராயம்தான் வரும்.

நான் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். பிள்ளைகளைப் பற்றிய பகுதியை, உங்கள் அடையாளத்தை மறைத்து, எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் குழந்தை மனநல ஆலோசகரிடமும் காட்டினேன். அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே விதிகள் வேறு.

மகனைத் தூக்கி வரலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஏன் என்று விளக்குகிறேன். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத இன்றைய நிலையில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகள் மேல் சமமான உரிமை இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதைக் “கடத்தல்” என்று நீங்கள் புகார் செய்யப் போனால், இது குடும்ப விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் போலீஸ் நிலையத்தில் பெரும்பாலும் சொல்வார்கள். “அப்படியானால் அதே உரிமையில் நானும் கூட்டி வரலாமே” என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் வழக்கு நீதிபதி முன் வரும்போது, நான்கு வயதுப் பையனை அக்காவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பள்ளி வாசலில் பிரித்து, நான்கு மணி நேரத் தொலைவுக்குக் கொண்டுபோன அப்பா என்றுதான் உங்கள் பெயர் அந்தக் கோப்பில் பதிவாகும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த நியாயமும் அதைத் தாண்டித்தான் நீதிபதியின் காதுக்குப் போக வேண்டும்.

பையனை நினைத்துப் பாருங்கள். அப்பா வந்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான் இருக்கும், ஓடி வந்து ஏறிக்கொள்வான். இரவு தூங்கும் நேரம் அம்மாவைத் தேடுவான். நீங்கள் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். நான்கு மாதத்தில் இரண்டாவது முறையாக அவனுடைய உலகம் ஒரே நாளில் தலைகீழாக மாறியிருக்கும்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

ஆண் பிள்ளை அப்பாவுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு என்று நம் சட்டத்தில் எங்குமே இல்லை. வீட்டை விட்டுப் போனவருக்கு உரிமை இல்லை என்பதும் இல்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 88ஆவது பிரிவுதான் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. அதற்கு உட்பட்டுப் பெற்றோரின் விருப்பத்தையும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் பக்குவம் வந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் பார்க்கும்.

ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அம்மாவிடம் இருப்பது நல்லது என்ற அனுமானம் அதே பிரிவில் இருக்கிறது. இது மாற்ற முடியாத விதி அல்ல. தகுந்த ஆதாரம் இருந்தால் மறுக்கலாம், மறுத்து வென்ற அப்பாக்களும் உண்டு. ஆனால் மறுக்க வேண்டிய சுமை உங்கள் மேல் இருக்கிறது. உங்கள் மகனுக்கு நான்கு வயது.

அதோடு இன்னொன்றையும் அந்தப் பிரிவு சேர்த்துச் சொல்கிறது: பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதை மாற்றி அதன் வாழ்க்கையைக் கலைப்பது விரும்பத்தக்கதல்ல. உங்களுக்கு இதுதான் அவசரமான செய்தி. பிள்ளைகள் செந்தூலில் பள்ளிக்குப் போய், நண்பர்கள் பிடித்து, அந்த வீட்டுக்குப் பழகப் பழக, அந்த ஏற்பாட்டையே தொடரவிடும் எண்ணம் நீதிமன்றத்துக்கு வலுக்கும். கோபத்தில் எதுவும் செய்யாமல் இருந்த நான்கு மாதம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. மகனைத் தூக்கி வருவதற்குப் பதில் இந்த மாதமே வழக்கறிஞரைப் பார்த்து, பிள்ளைகளைச் சந்திப்பதற்கு இடைக்கால உத்தரவு கேளுங்கள். விவாகரத்து வழக்கு தொடங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ளலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை, அவரவர் நலனைத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகளிடமிருந்து ஏற்கெனவே ஒரு வீடு போய்விட்டது. அவர்களுக்கு இப்போது மாறாமல் இருப்பது ஒருவருக்கொருவர் மட்டும்தான். இந்தக் கோரிக்கையை நீங்களே கைவிட்டுவிடுங்கள்.

செய்திகளின் ஸ்க்ரீன்ஷாட்கள் நிறைய வைத்திருக்கிறீர்கள். தகாத உறவு என்பது, நிரூபிக்க முடிந்தால், திருமணம் முறிந்துவிட்டது என்று காட்டப் பயன்படும். மனைவிக்கான ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது முறிவுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதும் பார்க்கப்படும். பிள்ளைகள் விஷயத்தில் அதன் எடை மிகக் குறைவு. அந்த உறவால் பிள்ளைகளுக்கு நேரடியாகக் கெடுதல் நடந்தால்தான் நீதிபதி அதைக் கணக்கில் எடுப்பார். நல்ல மனைவியாக இல்லாத ஒருவர் நல்ல அம்மாவாக இருக்க முடியாது என்று நீதிமன்றம் நினைப்பதில்லை. உங்களுக்கும் இதே அளவுகோல்தான், அது உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு.

அந்த அறை

“ஒரே ஒரு அறை, அதுவும் அவள் பேசிய பேச்சுக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் இதற்கு ஒரே ஒரு வரி, அந்தச் செய்திகளுக்கு ஒன்றரைப் பக்கம். நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும்.

மனைவியை அடிப்பது குற்றம். எத்தனை முறை என்பதும், அவர் என்ன பேசினார் என்பதும் அதை மாற்றாது. துணைவருக்குக் காயம் விளைவித்தால் அதிகபட்சச் சிறைத் தண்டனையை இரட்டிப்பாக்கும் 326ஏ பிரிவு நம் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், புகார் விசாரணையில் இருக்கும் காலத்திலேயே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். உங்கள் பெயரில் அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், செந்தூல் வீட்டு வாசலில் போய் நிற்பதே உத்தரவை மீறியதாகலாம்.

அப்போது மகள் எங்கே இருந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதே வீட்டில்தான் இருந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் கேட்கும்.

நடந்ததை மறுக்காதீர்கள். சத்தியப் பிரமாணத்தில் பொய் எழுதி, பிறகு போலீஸ் புகாரும் மருத்துவ அறிக்கையும் வெளியே வந்தால், உங்கள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். கோபத்தைக் கையாள ஆலோசனைக்குப் போகத் தொடங்குங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. நாளை மகனோடு தனியாக ஒரு வாரம் இருக்கப் போகிறவர் நீங்கள்தானே. நான்கு வயதுப் பையன் உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் இருக்கமாட்டான்.

பணத்தை நிறுத்தியது

இதை இன்றே சரி செய்யுங்கள். பிள்ளைகளைப் பார்க்க விடாததும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல. பிள்ளைகள் யாரிடம் இருந்தாலும் அவர்களைப் பராமரிப்பது பெற்றோர் இருவருடைய கடமை. பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது. அதேபோல, பணம் வரவில்லை என்பதற்காக அவர் பிள்ளைகளைக் காட்டாமல் இருப்பதும் சரியல்ல. அவரவர் பக்க உறவினர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்லித் தருவார்கள்.

உத்தரவு வந்த பிறகும் கட்டாமல் இருந்தால் உங்கள் முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். அந்தக் கடிதம் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். முடிந்த தொகையை, சிறிதாக இருந்தாலும், மாதாமாதம் ஒரே தேதியில் வங்கி வழியாக அனுப்புங்கள். “பிள்ளைகளின் ஜூன் மாதச் செலவு” என்று குறிப்பில் எழுதுங்கள். ரொக்கமாக யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். பிறகு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது.

இன்னொரு விஷயம், இது நிறையப் பேருக்குத் தெரியாது. முன்பு பிள்ளைக்கு 18 வயதானதும் பராமரிப்பு உத்தரவு பொதுவாக முடிந்துவிடும். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை மேற்படிப்பையோ பயிற்சியையோ முடிக்கும் வரை அது தொடரும். உங்கள் மகளின் கல்லூரிச் செலவையும் சேர்த்து இப்போதே யோசியுங்கள்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டாயம் போங்கள்

போகாவிட்டால் விவாகரத்து நடக்காது என்பது தவறான நம்பிக்கை. ஒருவர் மட்டும் விவாகரத்துக் கேட்டால், வழக்குப் போடும் முன் சமரச அமைப்பிடம் போக வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆவது பிரிவு சொல்கிறது. தேசியப் பதிவு இலாகா உங்களை அழைத்திருப்பது அதற்குத்தான். அழைத்தும் வேண்டுமென்றே வராதவருக்காக மற்றவரைக் காக்க வைக்கக் கூடாது என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. நீங்கள் போகாமல் இருந்தால் வழக்கு நிற்காது, உங்கள் தரப்பு இல்லாமல் நடக்கும், அவ்வளவுதான்.

அங்கே வழக்கறிஞர்கள் வர முடியாது. நீங்கள், அவர், நடுவில் தீர்ப்பாயத்தினர். பல மாதங்களுக்குப் பிறகு ஒரே அறையில் உட்காரப் போகிறீர்கள். இதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பாதுகாப்பு உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொண்டு போங்கள். ஸ்க்ரீன்ஷாட்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தச் செய்திகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும். பிள்ளைகளை எப்போது, எங்கே பார்ப்பது என்பதற்கு ஒரு தாளில் எழுதிய திட்டத்தோடு போங்கள். சேர்ந்து வாழ வழியில்லை என்று முடிவானால் தீர்ப்பாயம் ஒரு சான்றிதழ் தரும், வழக்கு அதன் பிறகு தொடரும்.

இருவரும் விவாகரத்துக்கும் பிள்ளைகள் ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொண்டால் 52ஆவது பிரிவின் கீழ் கூட்டு மனு போடலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்திருந்தால் போதும், தீர்ப்பாயமும் தேவையில்லை. செலவு குறைவு, யார் தவறு என்ற வாதமே கிடையாது. பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தகுந்த ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் நீதிபதி பார்ப்பார். உங்கள் இருவருக்கும் பொருந்தும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பாயத்துக்கு இப்போதே மனுக் கொடுத்திருப்பதால் கூட்டு மனுவுக்கு மாற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எந்தக் கட்டத்திலும் ஒத்துப்போகலாம்.

மகளின் மௌனமும் மகனின் படுக்கையும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

மகளுக்கு மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பெற்றோரைப் பற்றி வேண்டுமென்றே விஷம் ஏற்றுவதை வழக்குகளில் பார்க்கிறோம். ஆனால் நீங்கள் விவரித்த உரையாடலை ஆலோசகர் வேறு மாதிரி வாசித்தார். “அந்த அங்கிள் வந்தாரா?” என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை சொல்லக்கூடிய பதில் எதுவுமே பாதுகாப்பானது இல்லை. ஆமாம் என்றால் அம்மாவைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள். இல்லை என்றால் அப்பா நம்பமாட்டார். தெரியாது என்றால் அடுத்த கேள்வி வரும். அதனால் அவளிடம் இருக்கும் ஒரே வழியை எடுக்கிறாள். பாட்டி கூப்பிடுகிறார். உங்களைப் பிடிக்காமல் வைக்கவில்லை சகோதரரே. உங்களையும் இழக்கக் கூடாது, அம்மாவையும் இழக்கக் கூடாது என்பதற்காக வைக்கிறாள்.

பெற்றோர் இருவருக்கும் உண்மையாக இருக்க நினைக்கும் பிள்ளை ஒவ்வொருவரிடமும் அவர் கேட்க விரும்புவதைச் சொல்லும். அம்மாவிடம் “அப்பாகிட்ட பேசப் பிடிக்கல” என்றுகூடச் சொல்லலாம், உங்களிடம் “உங்ககூட வரணும்” என்றும் சொல்லலாம். இரண்டையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு இரண்டு வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். அந்தப் பிள்ளை நடுவில் நிற்கும்.

பதிவுகளை நீதிமன்றத்தில் போட்டுக்காட்ட நினைக்கிறீர்கள். அதில் நீதிபதிக்குக் கேட்கப் போவது மகளின் பதில் அல்ல, உங்கள் கேள்விகள். பிள்ளையின் மனதை அறிய வேண்டும் என்றால் நீதிபதி தன் அறையில் அவளைத் தனியாக அழைத்துப் பேசலாம். குழந்தை நலனில் பயிற்சி பெற்றவரின் ஆலோசனையை முடிந்த இடங்களில் கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பதும் உண்டு. சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் பிள்ளையின் வாயில் வந்தால் இவர்களுக்கெல்லாம் உடனே தெரிந்துவிடும்.

இன்று முதல் பதிவை நிறுத்துங்கள். அழைத்தால் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள், தம்பி இன்று என்ன சேட்டை செய்தான் என்று கேளுங்கள். முதல் சில நாள் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். ஒரே நேரத்தில், வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில், விடாமல் அழையுங்கள். அப்புறம் ஒரு நாள் இதைச் சொல்லுங்கள்: “அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டதுக்கு நீயும் தம்பியும் காரணம் இல்ல. அப்பா அம்மாவை அடிச்சது தப்பு. நீ அம்மாகூட சந்தோஷமா இருந்தா அப்பாவுக்குக் கோபம் வராது.” இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இதைக் கேட்காமல் அவளால் உங்களோடு இயல்பாகப் பேச முடியாது.

மகன் விஷயம். பகலிலும் இரவிலும் சுத்தமாக இருக்கப் பழகிவிட்ட நான்கு வயதுப் பிள்ளை, பெரிய மாற்றம் ஒன்றுக்குப் பிறகு மீண்டும் படுக்கையை நனைப்பது அடிக்கடி நடப்பதுதான். புது வீடு, புது ஆள்கள், திடீரென்று காணாமல் போன அப்பா. அதுவே போதும். இது கவனிப்பு சரியில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சில நேரம் சிறுநீர்த் தொற்று போன்ற உடல் காரணமும் இருக்கலாம் என்பதால், “மருத்துவரிடம் காட்டலாமா, செலவை நான் தருகிறேன்” என்று மனைவிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். குற்றச்சாட்டு இல்லாமல் நீங்கள் அனுப்பும் முதல் செய்தியாக அது இருக்கட்டும். அவனைத் திட்டவோ கேலி செய்யவோ கூடாது என்று உங்கள் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், அவன் விடுமுறைக்கு வரும்போது அங்கேயும் நனைப்பான்.

பிரிந்தாலே பிள்ளைகள் கெட்டுப்போய்விடுவார்கள் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீடித்த பிரச்சினைகள் இருந்ததாகவும், பிரியாத குடும்பங்களில் அது பத்தில் ஒருவர் என்றும் அவர் கண்டார். ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துவது அவர்கள் கண் முன்னால் தொடரும் சண்டை. அதை நிறுத்துவதில் பாதியாவது உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் எதைக் கேட்கலாம்

என் கணிப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், இரண்டு பிள்ளைகளும் அன்றாடம் அம்மாவோடு இருப்பார்கள் என்பதுதான் எதிர்பார்க்கக்கூடிய முடிவு. மகன் சிறியவன், நீங்கள் இரவு ஷிஃப்ட், உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி. பாட்டியே வளர்ப்பார் என்ற வாதம் வலுவில்லாதது. பெற்றோர் இருவரில் யாரிடமும் விட முடியாத அசாதாரண நிலை இருந்தால்தான் நீதிமன்றம் மற்ற உறவினர்களைப் பற்றி யோசிக்கும்.

ஆனால் பிள்ளைகள் யாரோடு தூங்கி எழுகிறார்கள் என்பதும், அவர்களுடைய பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பதும் தனித்தனி விஷயங்கள். கஸ்டடி என்று வழக்கறிஞர்கள் சொல்வது பள்ளி, மருத்துவம், சமயம், வெளிநாட்டுப் பயணம் போன்ற முடிவுகளைப் பற்றியது. அதை இருவருக்கும் கூட்டாகக் கேளுங்கள். அன்றாடப் பராமரிப்பு அம்மாவுக்கு, முடிவுகளில் அப்பாவுக்குச் சம பங்கு, தாராளமான சந்திப்பு நேரம் என்ற உத்தரவு நம் நீதிமன்றங்களில் வழக்கமாகக் கிடைப்பதுதான். இதை நீங்களாக முன்வைத்தால், பிள்ளைகளை வைத்துப் பழி தீர்க்க வரவில்லை என்பது எல்லோருக்கும் புரியும்.

சந்திப்பு நேரத்தை “நியாயமான அளவு” என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் சண்டை வரும். எந்த வாரக் கடைசி, எத்தனை மணி, எந்த இடம் என்று எழுத வேண்டும். உங்களுக்கு நான் போட்டுப் பார்த்த திட்டம் இது. மாதம் ஒரு வாரக் கடைசி நீங்கள் கோலாலம்பூர் போய்ப் பார்ப்பது, ஒரு வாரக் கடைசி அவர்கள் இங்கே வருவது. பள்ளி விடுமுறையில் பாதி உங்களோடு. தீபாவளி ஓர் ஆண்டு இங்கே, ஓர் ஆண்டு அங்கே. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளைத் தண்ணீர்மலைக்குத் தோளில் வைத்துக் கூட்டிப்போவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதே நாளில் அவர்கள் பத்துமலைக்குப் போக நினைப்பார்கள் என்பதால் தைப்பூசத்தையும் தீபாவளிக்கு எதிர் ஆண்டாக எழுதிவிடுங்கள். ஒப்படைக்கும் இடம் கே.எல். சென்ட்ரலாக இருக்கட்டும், இடிஎஸ் ரயில் அங்கிருந்து நேராகப் பட்டர்வொர்த் வருகிறது. யார் வீட்டு வாசலிலும் வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு இருந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் கூட்டி வரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். நான்கு மாதம் பார்க்காத மகனோடு முதலில் ஒரு பகல் மட்டும், அப்புறம் ஓர் இரவு, அப்புறம் வாரக் கடைசி என்று கூட்டிக்கொண்டே போவது அவனுக்கு நல்லது.

நிரந்தரப் பகல் ஷிஃப்ட் கிடைக்குமா என்று இப்போதே மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உத்தரவு ஒரு முறை வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சூழ்நிலை கணிசமாக மாறினால் உத்தரவை மாற்றக் கேட்க 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96ஆவது பிரிவு இடம் தருகிறது. மகளுக்கு 13 வயதாகும்போது அவள் விருப்பத்துக்கு இன்றைக்கு இருப்பதைவிட அதிக எடை இருக்கும்.

மனைவி சிங்கப்பூரில் இருக்கும் தன் அக்காவிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவாரோ என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பிள்ளைகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை கேட்க 101ஆவது பிரிவு அனுமதிக்கிறது. உறுதியான அறிகுறி இல்லாமல் அதைக் கேட்க வேண்டாம், இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

வழக்கறிஞர் செலவைப் பற்றி. வருமானம் வரம்புக்குள் இருந்தால் அரசாங்கச் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமான் விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளை எடுக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் பினாங்கில் இருக்கிறது. முதல் சந்திப்புக்குத் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, தீர்ப்பாயக் கடிதம், போலீசிலிருந்து வந்த எந்தத் தாளாக இருந்தாலும் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மனைவியை அறைந்ததைப் பற்றி வழக்கறிஞர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருவர் பெயரிலும் கடன் இருக்கும் வீடு பங்கீட்டுக்கு வரும். யார் எவ்வளவு கட்டினார், யார் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளின் தேவை என்ன என்பதெல்லாம் அதில் பார்க்கப்படும். அவசரப்பட்டு விற்கவோ அம்மா பெயருக்கு மாற்றவோ முயலாதீர்கள், தவணையை மட்டும் நிறுத்தாமல் கட்டுங்கள். மகளின் அறையை வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விடுமுறைக்கு அவள் வந்து தங்குவதற்கு அந்த அறை இருக்கிறது என்பதை உங்கள் சந்திப்புத் திட்டத்திலேயே எழுதலாம்.